வேலை, வீடு, பிள்ளைகளோடு இசையில் பட்டம் படிக்க நினைக்கிறவர்களுக்கு

நான் பி.ஏ. இசை சேர்ந்தபோது எனக்கு 38 வயது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் யூ.கே.ஜி. திருச்சியில் திருவெறும்பூரில் வீடு, கண்டோன்மென்ட் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, கணவருக்கு ஷிப்ட். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா தவறிவிட்டார், அதனால் வாரிசு வேலைக்கு வந்துவிட்டேன், திருவையாறு இசைக் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்தபடியே பீரோவில் இருபது வருடம் கிடந்தது. மூன்று வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்தேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது போன் செய்து, "நேரம் எப்படிங்க கிடைச்சுது?" என்று கேட்கிறார்கள். நேரம் கிடைக்கவேயில்லை. இருக்கிற நேரத்தில் எந்த வேளையில் எதைப் படிக்க வேண்டும் என்பது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் படித்தது கர்நாடக இசை, வாய்ப்பாட்டு, தொலைநிலைக் கல்வி. வீணை, வயலின், மிருதங்கம் படிப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில், பட்டம் எதற்கு

இதை நேர்மையாக யோசித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும், ஏனென்றால் சில ஆசைகளுக்குப் பட்டமே தேவையில்லை. வானொலியில் பாட வேண்டும் என்றால் அகில இந்திய வானொலி குரல் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ என்று கிரேடு கொடுக்கும், அங்கே உங்கள் பாட்டுதான் பேசும், சான்றிதழ் பேசாது. அரசுப் பள்ளியில் இசை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் அந்தச் சிறப்பாசிரியர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர், அப்புறம் டி.டி.சி. (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) என்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் படிக்காமல் பட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கேந்திரிய வித்யாலயா தொடக்கப் பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலைக்கு இசையில் இளநிலைப் பட்டம் கேட்பார்கள். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் எம்.ஏ., அதற்குப் பிறகு இசைப் பாடத்தில் நெட் எனும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு என்று வரிசையாகப் போக வேண்டும்.

இது எதுவுமே இல்லை, பதினெட்டு வயதில் விட்டுப்போனதை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதுவும் முழுமையான காரணம்தான். எனக்கு அதுதான் காரணம். யாரிடமும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு உள்ளே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாம் வருடம் நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சலும் ஆடிட்டும் அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் வரும்போது அந்தக் காரணம்தான் உங்களைத் தாங்கும்.

எங்கே சேர்வது

மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நல்ல இடங்கள்தான், கட்டணமும் குறைவு, ஆனால் 12 முதல் 25 வயது வரை என்று வரம்பு இருப்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வழி அடைத்துவிடும். நேரடிக் கல்லூரிகள் (சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள், எங்கள் ஊர் கலைக்காவிரி) பகலில் வரச் சொல்லும். அதனால் வேலையை விடாமல் படிக்க நினைத்தால் தொலைநிலைக் கல்விதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டின் தொலைநிலைப் பிரிவுகளும் இசைப் பட்டங்கள் நடத்தி வந்திருக்கின்றன. சிதம்பரத்தில் 1929-லேயே ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கிவிட்டார், அந்த மரபு அங்கே உண்டு.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, டெப் என்று சொல்வார்கள், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்று பட்டியல் வெளியிடும். நீங்கள் சேரும் வருடத்துப் பட்டியலில் உங்கள் பாடம் பெயரோடு இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். போன வருடம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் படித்தார் என்பதெல்லாம் செல்லாது. தெருமுனை ஸ்டடி சென்டரில் "அதெல்லாம் வந்துடும் மேடம், பணத்தைக் கட்டுங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ இந்தப் பட்டத்தைக் காட்டும் எண்ணம் இருந்தால் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் நீங்கள் படித்திருக்க வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் சேரும் முன்பே துறையில் அனுமதி வாங்கி அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் எம்.ஏ. இசைக்கு நேரடியாகச் சேர முடியுமா என்று தகுதி விதியைப் பாருங்கள். முடிந்தாலும், ராக லட்சணம், அதாவது ஒரு ராகத்தின் இலக்கணம், எழுதிப் பழகாதவர்களுக்கு பி.ஏ.தான் நல்லது என்பது என் கருத்து. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பி.ஏ. என்றால் தமிழ், ஆங்கிலத் தாள்களும் இருக்கும். இசை மட்டும்தான் என்று நினைத்து வந்தவர்கள் அரியர் வைத்தது பெரும்பாலும் அங்கேதான்.

குரலுக்கு ஒரு வேளை, காதுக்கு ஒரு வேளை, கைக்கு ஒரு வேளை

நான் செய்த பெரிய தப்பு, "தினமும் இரவு 9 முதல் 11 வரை படிப்பு" என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியது. பகல் முழுக்க கவுன்ட்டரில் பேசிப் பேசித் தொண்டை வறண்டு வந்து, சமையல் முடித்து, ஒன்பது மணிக்கு வர்ணம் பாட உட்கார்ந்தால் மேல் ஸ்தாயி கரகரக்கும். கரகரக்கிறதே என்று இன்னும் அழுத்திப் பாடுவேன். மூன்று மாதத்தில் குரல் கட்டிப்போய் ஒரு மாதம் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இசைப் படிப்பு ஒரே படிப்பு இல்லை, குரல், காது, எழுத்து என்று மூன்று படிப்பு, ஒவ்வொன்றுக்கும் உடம்பு தயாராக இருக்கும் வேளை வேறு.

குரலுக்கு அதிகாலைதான், வேறு வேளை கிடையாது. நான் 4.45-க்கு எழுந்து வெந்நீர் குடித்துவிட்டு 5 முதல் 5.40 வரை சாதகம் செய்தேன். 40 நிமிடம்தான். அதில் முதல் பத்து நிமிடம் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்க் குரலில், 'ஆ' என்று அகாரம், மெதுவாக, சுருதிப் பெட்டியோடு. அடுத்த பத்து நிமிடம் ஜண்டை வரிசையோ அலங்காரமோ, அடிப்படை ஸ்வரப் பயிற்சி ஒன்று, மூன்று காலத்திலும் (வேகத்திலும்). மீதி இருபது நிமிடம் பாடத்திட்டத்தில் உள்ள ஒரே ஒரு உருப்படி, அதாவது பாட்டு. ஒரே ஒன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நேரம் குறைவு என்ற பதற்றத்தில் நான்கு கீர்த்தனைகளை மேலோட்டமாகப் பாடிவிட்டு எழுந்தால் ஒன்றும் தங்காது. பிள்ளைகள் தூங்குகிறார்கள், பக்கத்துச் சுவர் அவர்கள் படுக்கையறை என்றால் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். மெதுவாகப் பாடுவது என்றால் மூச்சை அடக்கி முனகுவது இல்லை, திறந்த வாயோடு குறைந்த சத்தத்தில் பாடுவது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்தால் குரல் மூக்குக்குள் போய்விடும், இதை ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்க வேண்டும். வயலின்காரர்கள் பிரிட்ஜில் ம்யூட் மாட்டிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 80 நிமிடம் பாடிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், குரல் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிற வங்கி இல்லை.

காதுக்கு பஸ். எனக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். வாரத்துக்கு ஒரு ராகம் என்று வைத்துக்கொண்டேன். திங்கள் முதல் சனி வரை அந்த ஒரு ராகத்தில் ஒரு ஆலாபனை, ஒரு கீர்த்தனை, வேறு வேறு வித்வான்கள் பாடியது. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தேர்வில் ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் வித்தியாசம் கேட்பார்கள். இரண்டும் 29-ஆவது மேளத்தில், அதாவது 72 தாய் ராகங்களில் ஒன்றில், பிறந்தவை, ஆரோகண அவரோகணத்தை (ஏறுவரிசை, இறங்குவரிசையை) புத்தகத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆரபி நேராக, விறுவிறுவென்று ஓடும். தேவகாந்தாரி நின்று, நீண்ட கார்வையோடு, ஆடிக்கொண்டு வரும். இது பக்கம் பக்கமாகப் படித்தாலும் பிடிபடாது, ஒரு வாரம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் தானாகப் பிடிபடும். தர்பாரும் நாயகியும் அப்படித்தான். முதலில் வேறுபாட்டைக் காதால் கண்டுபிடியுங்கள், அப்புறம் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் என்று பாருங்கள். எனக்கு ராக லட்சண விடைகளில் மதிப்பெண் ஏறியதே இந்த வரிசையை மாற்றிய பிறகுதான். பைரவி ராகத்துக்கு த ஸ்வரம் ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்று எழுதும்போது அந்த இடம் காதில் கேட்டால் பேனா தயங்காது.

கைக்கு, அதாவது எழுத்துக்கு, இரவு நேரமும் ஞாயிறும். களைத்துப்போன மூளையோடும் செய்யக்கூடிய வேலை ஸ்வரப்படுத்தி எழுதுவது. ஒரு கீர்த்தனையின் பல்லவியை நினைவிலிருந்து எழுதுங்கள், தாளக் கோடுகளைப் போட்டு, ஓர் அட்சரத்துக்கு காற்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி வைத்து, மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி வைத்து, அடியில் சாகித்தியத்தை நேராகப் பொருத்தி. பிறகு தாளம் போட்டுக்கொண்டு மனதுக்குள் படித்துப் பாருங்கள், எந்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) எட்டு அட்சரம் ஏழாகவோ ஒன்பதாகவோ ஆகியிருக்கிறது என்று உடனே தெரியும். வாரத்துக்கு இரண்டு பல்லவி எழுதினால் ஒரு வருடத்தில் நூறு. தேர்வு அறையில் முக்கால்வாசிப் பேர் திணறுவது இந்தக் கேள்வியில்தான், பாடத் தெரிந்தவர்கள்கூட.

கடபயாதி, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை, பற்றி ஒரு வார்த்தை, தமிழ்வழியில் படித்தவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது விழுகிறோம். மேளகர்த்தா (தாய் ராகம்) பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் வரும். சரி, கனகாங்கி, கரகரப்பிரியா, கமனச்ரமா மூன்றும் தமிழில் "க"-வில்தான் தொடங்குகின்றன, ஆனால் எண்கள் முறையே 1, 22, 53. எப்படி? வடமொழியில் மூன்றும் வேறு வேறு க. முதல் க-வுக்கு 1, இரண்டாம் க-வுக்கு 2, மூன்றாம் க-வுக்கு 3. கனகாங்கியில் 1, 0, திருப்பினால் 01. கரகரப்பிரியாவில் 2, 2, திருப்பினாலும் 22. கமனச்ரமாவில் 3, 5, திருப்பினால் 53. தீரசங்கராபரணத்தின் "தீ"-யும் அப்படியே, அது நான்காம் த வர்க்க எழுத்து, அதற்கு 9, ர-வுக்கு 2, திருப்பினால் 29. அதனால் 72 பெயர்களையும் தமிழில் மட்டும் எழுதிப் படிக்காமல், எந்த க, எந்த த என்று பக்கத்தில் ஒரு சிறு எண் போட்டுப் படியுங்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் அதைத் தாளாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், நான் மனப்பாடம் செய்யும் முன்பே என் மகள் மனப்பாடம் செய்துவிட்டாள்.

வீட்டில் இருப்பவர்கள்

பொதுவாக "எனக்கு ஒத்துழைப்பு கொடுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள், ஒன்றும் நடக்காது. தேதியோடு கேளுங்கள். வருட ஆரம்பத்திலேயே பல்கலைக்கழகத்தின் நேரடித் தொடர்பு வகுப்புகள் நடக்கும் சனி, ஞாயிறுகளையும், தேர்வு வாரங்களையும், பிள்ளைகளின் பள்ளித் தேர்வுகளையும், கணவரின் இரவு ஷிப்ட் வாரங்களையும் ஒரே காலண்டரில் நான்கு நிறப் பேனாவால் குறித்தேன். இரண்டு நிறம் முட்டிக்கொண்ட இடங்களை மட்டும் உட்கார்ந்து பேசினோம். "அத்தை, இந்த ரெண்டு ஞாயிறு மட்டும் நீங்க பையனைப் பாத்துக்கணும்" என்று கேட்டபோது மாமியார் உடனே ஒத்துக்கொண்டார், அதற்கு முன் ஆறு மாதமாக எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த முணுமுணுப்பு அதோடு நின்றது. அவருக்குப் பிடிக்காதது என் படிப்பு இல்லை, எப்போது கூப்பிடுவேன் என்று தெரியாமல் இருந்ததுதான்.

அலுவலகத்திலும் இதே வழி. விடுப்பைச் சில்லறையாகச் செலவழிக்காதீர்கள். செய்முறைத் தேர்வுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

பிள்ளைகளை விலக்கி வைத்துப் படிக்கவே முடியாது, உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்தேன், கண்ட ஜாதி அட தாளத்துக்கு 5, 5, 2, 2 என்று 14 எண்ணுவது அவனுக்கு விளையாட்டு, நான் வர்ணத்தில் தடுமாறினால் "அம்மா, தப்பு" என்று நிறுத்திவிடுவான். விடுமுறைக்கு எங்கே போவது என்பதையும் பாடத்திட்டம் முடிவு செய்தது. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை போனோம், கோயில் பாறையில் பல்லவ கிரந்தத்தில் ஸ்வரக் கோவைகளைச் செதுக்கிய ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதன் எதிரில் நின்று பார்த்த பிறகு இசைக் கல்வெட்டுகள் பற்றிய கேள்விக்கு நான் குறிப்பே படிக்கவில்லை. தை மாதம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குக் கூட்டிப்போய் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் காவிரிக்கரையில் உட்கார்ந்து கேட்கவைத்தேன். சின்னவன் பாதியில் தூங்கிவிட்டான், பரவாயில்லை.

ஆசிரியர் இல்லாமல் முடியாது

தொலைநிலைக் கல்வி உங்களுக்குப் பாடம் அனுப்பும், தேர்வு வைக்கும். பாட்டு கற்றுத்தராது. வருடத்துக்குச் சில நாள் நடக்கும் தொடர்பு வகுப்பில் நாற்பது பேரோடு உட்கார்ந்து ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடம் செய்ய முடியாது. அதனால் உள்ளூரில் ஓர் ஆசிரியர் வேண்டும், வாரத்துக்கு ஒரு வகுப்பாவது நேரில். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு டீச்சரிடம் போனேன். "பட்டம் எதுக்கும்மா, பாட்டு போதாதா?" என்றுதான் முதலில் கேட்டார். பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன், இவ்வளவு வர்ணம், இந்த ராகங்களில் கீர்த்தனை, இத்தனை ராகத்துக்கு ஆலாபனை, கல்பனாஸ்வரம் என்று. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "சரி, ஆனா நான் என் வரிசையிலதான் சொல்லித் தருவேன்" என்றார். ஒத்துக்கொண்டேன், அது நல்லதாயிற்று. நீங்களும் பாடத்திட்டத்தை மறைக்காமல் காட்டுங்கள், ஆனால் இந்த மாதம் இதை முடித்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். அனுமதி கேட்டு வகுப்பைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், காலை 5 மணிக்கு அதுதான் உங்கள் டீச்சர்.

அச்செடுப்பது எந்த வருடத்துப் பாடத்திட்டம் என்று கவனியுங்கள். முதல் வருடம் நான் பழைய பாடத்திட்டத்தை வைத்து மூன்று கீர்த்தனைகளை உருப்போட்டேன், தேர்வுக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு தோழி சொல்லித்தான் மாறிவிட்டது தெரிந்தது. அந்தச் செய்முறைத் தாளை அடுத்த முறைதான் எழுதினேன், நான்காவது வருடம் அதனால் வந்தது.

கோட்பாட்டுப் புத்தகங்களில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் ஆறு தொகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வரையறைகளுக்கு அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. தமிழிசை வரலாற்றுத் தாளுக்கு ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலானந்த அடிகளின் யாழ் நூலும், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும். அரங்கேற்று காதையை மட்டும் உரையோடு மூலத்தையே படியுங்கள், இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன் ஒவ்வொருவரும் எப்படி இருக்க வேண்டும் என்று இளங்கோ சொல்வதை கைடு புத்தகத்தில் நான்கு வரியில் படிப்பது பெரிய நஷ்டம்.

செய்முறைத் தேர்வு நாள்

காலை 10 மணிக்கு என்று எழுதியிருந்தார்கள், எனக்கு முறை வந்தபோது மாலை 4 மணி தாண்டிவிட்டது. வெளியே காத்திருந்த ஆறு மணி நேரமும் புதிய சிநேகிதிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே போய் வர்ணத்தின் சரணத்தில் மேல் ஷட்ஜத்தில் குரல் நிற்கவில்லை. அதனால், எந்த நேரம் சொன்னாலும் நாள் முழுக்க என்று நினைத்துக்கொண்டு போங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர், இட்லி அல்லது தயிர் சாதம், கைவசம் சுருதிப் பெட்டி, போன் ஆப்பை மட்டும் நம்பவேண்டாம், சார்ஜ் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒதுக்குப்புறமாகப் போய் ஐந்து நிமிடம் மந்தரத்தில் மெதுவாக அகாரம் பாடிவிட்டு வாருங்கள், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

உள்ளே போனதும் உங்கள் சுருதியைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஐந்து கட்டை என்றால் ஐந்து கட்டை, பதற்றத்தில் ஐந்தரைக்கு ஏற்றாதீர்கள். எதைப் பாட விருப்பம் என்று கேட்டால் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவதைச் சொல்லாமல், காலை 5 மணிக்கு அதிகமுறை பாடியதைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி "இந்த ராகம் எந்த மேளத்தின் ஜன்யம், தாளத்தின் அங்கம் என்ன" என்று கேட்பார்கள், தெரியாவிட்டால் "தெரியவில்லை சார்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், சுற்றி வளைத்தால் அதிலிருந்தே இன்னும் மூன்று கேள்வி வரும். வெளியே வந்ததும் பஸ் ஏறும் முன்பே, கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கு ஆகும், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம். என் நோட்டு இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது.